மணிக்கு நாற்பத்தைந்து வெள்ளி

"மணிக்கு நாப்பத்தஞ்சு வெள்ளி."

தொலைபேசியில் இதைச் சொன்ன பிறகு அக்கா வாயைத் திறக்கமாட்டார். 'ஆனா', 'உங்களுக்காக', 'பேசிக்கலாம்' என்று எந்த வாலும் அந்த விலைக்குப் பின்னால் வராது. அந்தப் பக்கத்தில் கல்யாண வீட்டுக்காரர் யாரோ எச்சில் விழுங்குவது பக்கத்து மேசையில் இருக்கும் எனக்கே கேட்பதுபோல் இருக்கும். விலை சொன்னது அவர். பயந்து நடுங்கியது நான். அவர் பாட்டுக்கு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலர் "சரிங்க" என்பார்கள். சிலர் "அலாமாக், மணிக்கா?" என்று அலறுவார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார்கள். மூன்றுக்கும் அக்காவின் முகத்தில் ஒரே மாதிரி அமைதிதான்.

ஈப்போவில் அப்போது கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறவர்கள் எல்லோரும் பேக்கேஜ் போடுவார்கள். ஒரு கல்யாணத்துக்கு ஒரு விலை. மூன்று தரம் திருத்தினாலும் முப்பது தரம் திருத்தினாலும் அதே விலைதான். அக்கா ஒருவர் மட்டும் மணிக்கணக்கு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்யாண வேலை எப்ப முடியும்னு யாருக்காச்சும் தெரியுமா? மாமியாருக்கு மூஞ்சி கறுப்பா விழுந்திருக்குன்னு ஆறு மாசம் கழிச்சு வந்து நிப்பாங்க. மணின்னா அறுபது நிமிஷத்துல முடிஞ்சிரும் தம்பி."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. அவரிடம் இரண்டாம் கேள்வி கேட்க எனக்கு எப்போதுமே பயம்.

ஐந்தாறு வருடம் ஆகிறது. நான் கோலாலம்பூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் எட்டு மாதம் வேலை பார்த்து, அந்தக் கம்பெனி மூடிய பிறகு, ஒரு டிப்ளோமாவையும் ஒரு கணினியையும் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் படிவம் மூன்றை, அதாவது ஒன்பதாம் வகுப்பை, தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சுங்காய்த் தோட்டத்தில் ரப்பர்மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். சொந்தமாக வேலை எடுத்துச் செய்யப்போகிறேன் என்று நான் சொன்னபோது அவர், "வருஷக் கடைசி வரைக்கும் பாரு. சரிப்படலன்னா கமுந்திங்குக்குப் போயிரு. சித்தப்பா வேலை பாக்கற பேக்டரியில ஆள் எடுக்கறாங்க" என்றார். அதனால் எனக்கு ஒரு கெடு இருந்தது.

பழைய டவுனில் ஒரு கோப்பிக்கடையின் மேல்மாடியில் இருந்தது அக்காவின் அறை. பாதி வாடகைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"வாடகையில பாதி, கரண்டுல பாதி. அவ்ளோதான் நமக்குள்ள. தொழில் சொல்லிக்குடுப்பேன்னு நெனச்சு வந்தா இப்பவே போயிரு."

"எதாச்சும் சந்தேகம் வந்தா கேக்கலாமாக்கா?"

"கேளு. நான் சும்மா இருந்தா பதில் வரும். வேலையில இருந்தா வராது."

அவர் பெரும்பாலும் வேலையில் இருந்தார். காதில் எப்போதும் ஹெட்ஃபோன். நான் அறைக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

அவர் மேசையில் சதுரங்கப் போட்டிகளில் வைப்பார்களே, அந்த மாதிரிக் கடிகாரம் ஒன்று இருந்தது. இரண்டு முகம், மேலே இரண்டு பொத்தான். ஒரு பக்கம் ஓடினால் மறு பக்கம் நிற்கும். இடது பக்கம் வேலை. வலது பக்கம் மற்றதெல்லாம். இடது பக்கத்துக்கு மட்டும்தான் காசு. கோப்பி குடிக்க எழுந்தால் டக். கழிவறைக்குப் போனால் டக். கணினி திணறி நின்றால்கூட டக். "கம்ப்யூட்டர் மூச்சு வாங்குறதுக்கு அவங்க எதுக்குக் குடுக்கணும்?" என்பார். அக்காவுக்குத் தும்மல் வந்தால்கூடக் கடிகாரத்தை நிறுத்துவார் என்று நான் நண்பர்களிடம் கதை விட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் பொய்.

சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கே பில் அனுப்பியவர் அவர். செமோர் தேவாலயத்தில் நடந்த கல்யாணம். பில்லில் இருந்த அதே தொகையை ஓர் உறையில் போட்டு மாப்பிள்ளை கையில் அன்பளிப்பாகவும் கொடுத்திருக்கிறார். "அதுக்கு ஒரே அடியா இனாமாவே செஞ்சிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். "அது வேற, இது வேற" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்துவர்தான். ஆனால் நம் கல்யாணத்தில் ஐயர் கையைத் தூக்குவதற்கு இரண்டு நொடி முன்னாலேயே கெட்டிமேளம் எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திரையில் அந்த இடம் வரும்போது அவருடைய விரல் விசைமேல் தயாராக இருக்கும்.

மணிக்கணக்கு என்பதால் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேறு எந்த எடிட்டரிடமும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அக்கா தடுக்கமாட்டார். "உக்காருங்க. பேசணும்னா பேசுங்க, அது வலது பக்கம், காசு கெடையாது. ஆனா வீடியோ முடியாது." அவ்வளவுதான், அறை கோயில் கருவறை மாதிரி ஆகிவிடும். வாய் திறக்கும் பிள்ளையை அம்மா கிள்ளுவாள்: "ச்சூ! மீட்டர் ஓடுது!" திரையில் மகள் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருக்கும். அப்பாக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கமுந்திங்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகள் கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் அந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார். திரையில் அந்த மனிதர் பந்தியில் உட்கார்ந்து, ரசம் ஊற்ற வருகிறவரிடம் போதும் போதும் என்று கையை விரித்தார். அந்த அம்மா சத்தமே இல்லாமல் அழத் தொடங்கினார். டக். அக்கா கடிகாரத்தை அமுக்கிவிட்டு, கீழே போய் ஒரு கோப்பி வாங்கிவந்து வைத்தார். வலது பக்கம் முக்கால் மணி நேரம் ஓடியது.

அழுதால் மீட்டர் நிற்கும் என்பது எப்படியோ வெளியே பரவிவிட்டது. அடுத்த மாதம் வந்த ஒரு பெரியவர் கால் மணிக்கு ஒருமுறை துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். முதல் தரம் அக்கா கடிகாரத்தை நிறுத்தினார். இரண்டாம் தரமும் நிறுத்தினார். மூன்றாம் தரம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அங்கிள், டிஷ்யூ தரட்டா, இல்ல கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் காத்திருக்கட்டா?" என்றார்.

"அவரு கல்யாணத்தன்னைக்கே அழல லா! இப்ப வந்து அழுறாரு" என்று அவர் மனைவி போட்டுடைக்க, குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கும் அக்கா கடிகாரத்தை நிறுத்தியே வைத்திருந்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் அந்தப் பெரியவரைப் பார்த்த பார்வை நெடுநேரம் என்னை விடவில்லை. கோபமே இல்லாத பார்வை. பொய்யான ஒரு நிமிடத்தை இந்தப் பெண் இருந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

என் மணிக்கு நான் விலை வைத்த கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இணையத்தில் தேடியபோது நாற்பது கேட்கலாம் என்று இருந்தது. தாளில் நாற்பது என்று எழுதினேன். உடனே அப்பா நினைவுக்கு வந்துவிட்டார். வெயிலிலும் மழையிலும் அவர் கேட்டோரம் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு எட்டு வெள்ளிகூடத் தேறாது. "உக்காந்துகிட்டே செய்யற வேலைக்காடா?" என்று அவர் கேட்பதுபோல் இருந்தது. அடித்துவிட்டு முப்பத்தைந்து எழுதினேன். பிறகு முப்பது, இருபத்தைந்து. இருபதுக்கு வந்ததும்தான் அப்பாவின் முகம் கொஞ்சம் விலகியது. அந்த இருபதையும் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது. முதலில் அழைத்தவர், பிறந்தநாள் வீடியோ ஒன்றுக்கு, "எவ்ளோ தம்பி?" என்று கேட்டபோது வேறு பதில்தான் வந்தது.

"பாத்துக் குடுங்கண்ணே."

போனை வைத்தேன். அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தார்.

"எதைப் பாத்து?"

"இல்லக்கா... சும்மா..."

"எதைப் பாத்துக் குடுப்பாரு? உன் மூஞ்சியவா? பயந்த மூஞ்சின்னு பாத்து அஞ்சு வெள்ளி குடுப்பாரு." ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

அவருக்குப் புரியாது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் தன் கூலியைத் தானே சொன்னதில்லை. தாத்தாவின் கூலியைக் கங்காணி சொன்னார். அப்பாவின் கூலியைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். எனக்கும் யாராவது வந்து சொல்வார்கள் என்று உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன். யாரும் வரவில்லை என்பதுதான் என் பயம்.

அக்காவுக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்தது. மண்டபம், சாப்பாடு, பூ அலங்காரம், வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கல்யாணத்தை நடத்திக் கொடுக்கிற ஏற்பாட்டாளர். எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாதம் முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. "என் கை நெறஞ்சிருச்சு. பக்கத்து மேசையில ஒருத்தன் இருக்கான், கேட்டுப் பாருங்க" என்று பாஸிடம் அக்காதான் சொன்னார். பாஸ் என்னை அழைத்து விலை கேட்டார். "இருபது... மணிக்கு" என்றேன். "ஓகே" என்று அவர் உடனே சொல்லிவிட்டார்.

அந்தக் கல்யாணத்தை முடிக்க எனக்கு எட்டு நாள் பிடித்தது. இரண்டு கேமராவுக்கும் ஒலி ஒத்துப்போகவில்லை. பெண்ணின் சேலை ஒரு கேமராவில் சிவப்பாகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் விழுந்திருந்தது. ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வதென்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தேன். நான் எழுதிவைத்திருந்த தாளின்படி மொத்தம் இருபத்தேழு மணி நேரம். பில்லில் 27 என்று அடித்தேன். இதைப் பார்த்தால் பாஸ் என்ன நினைப்பார்? படிச்ச பையன், இவ்வளவு மந்தமா என்பாரா? ஏமாற்றுகிறான் என்பாரா? 20 என்று மாற்றினேன். அதுவும் அதிகமாகத் தெரிந்தது. 15. கடைசியில் 9 என்று அடித்ததும்தான் மூச்சு வந்தது.

பாஸ் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பாவிடமும் அந்த ஒன்பதைச் சொன்னேன். "ஒரு கல்யாணத்தையே ஒம்பது மணி நேரத்துலயா!" என்றார். மறுவாரம் சுங்காய் மாரியம்மன் கோயிலில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு பகல் வேளை, மரப்படியில் கனத்த செருப்புச் சத்தம் ஏறிவந்தது. பாஸ். கையில் கைப்பேசியைத் திறந்தபடியே உள்ளே வந்தார்.

"என்னம்மா இது? இந்தக் கல்யாணத்துக்கு இருபத்திரெண்டு மணி நேரம் போட்டிருக்கீங்க."

"ஆமா. இருபத்திரெண்டு."

"தம்பி போன கல்யாணத்தை ஒம்பதுல முடிச்சிட்டான். அதே மண்டபம், அதே கேமராமேன், அதே ரெண்டு கேமரா. மிச்சம் பதிமூணு மணி நேரம் என்ன செஞ்சீங்க, தூங்கினீங்களா?"

அக்கா கடிகாரத்தைக் காட்டினார். "அதுல இருக்கு."

"அதை அமுக்கறது நீங்கதானே லா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. நான் வாயைத் திறந்து ஓர் எண்ணைச் சொன்னால் போதும். அக்கா திரும்பி ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். அதில் எஃப் எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு உண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீ சொல்லு. ஒம்பதுதானே?"

"ஆமா பாஸ்" என்றேன்.

பாஸ் படியிறங்கிப் போகும் வரைக்கும் அக்கா காற்றாடியைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார். அவர் மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வட்டாரத்தில் கல்யாணத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. படம் எடுப்பவர்கள், மேளக்காரர்கள், பூக்காரர்கள், ஒப்பனை செய்கிற பெண்கள் என்று இருநூறு பேருக்குப் பக்கம். அன்று சாயங்காலம் பாஸின் குரல்பதிவு அதில் வந்தது. "மணிக்கணக்குன்னு சொல்லி மணியக் கூட்டிக் கூட்டிப் போடறாங்க. நான் பேரு சொல்லல. பாத்து நடந்துக்குங்க." பேர் சொல்லத் தேவையே இல்லை. ஈப்போவில் மணிக்கணக்குப் போடும் பெண் ஒருவர்தான்.

அந்த வாரத்தில் இரண்டு குடும்பங்கள் வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டன. மூன்றாவதாக வந்த குடும்பத்தில் ஒரு கல்லூரிப் பெண் தன் கைப்பேசியில் நேரம் அளக்கும் பகுதியைத் திறந்து, அக்காவின் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அக்கா நிறுத்தும்போது அவளும் நிறுத்தினாள். அவர் தொடங்கும்போது அவளும் தொடங்கினாள். சாயங்காலம் இரண்டிலும் ஒரே எண். அப்போதும் அவளுடைய அம்மா முணுமுணுத்தார்: "மணி சரிதான்... ஆனா வேணும்னே மெதுவாச் செய்யலாமில்ல?"

அதற்கு எந்தக் கடிகாரத்தாலும் பதில் சொல்ல முடியாது. பதில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒன்பது மணி நேரத்தில் அந்த வேலையை யாராலும் முடிக்க முடியாது, முடித்ததாகச் சொன்னவன் பொய்யன் என்பதுதான் அந்தப் பதில்.

என்னைக் கொன்றது அக்கா என்னிடம் கேட்காததுதான். திட்டியிருந்தால் அழுது சொல்லியிருப்பேன். அவர் வழக்கம்போல் வந்தார், வழக்கம்போல் வேலை செய்தார், வாடகை நாளன்று என் பாதியை எண்ணி வாங்கிக்கொண்டார். படியில் யார் காலடி கேட்டாலும் பாஸாக இருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். பாஸ் எனக்கு அடுத்த கல்யாணத்தை அனுப்பியிருந்தார். அதைத் திறக்கவே கை வரவில்லை. திறந்தால் அதையும் ஒன்பதில் முடிக்கவேண்டும். அதற்கடுத்ததையும். இனி வாழ்நாள் முழுக்க இருபத்தேழு மணி நேரம் உழைத்து ஒன்பது என்று எழுதவேண்டும்.

வியாழக்கிழமை மதியம் அக்கா செமோரில் இருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்மா... இல்லம்மா, அழல... எதாச்சும் பேக்டரிக்குப் போலாம், வேற என்ன செய்ய... பேரு போயிருச்சும்மா, அதுக்கப்புறம் எந்த வெலை சொன்னா என்ன."

எழுந்து வெளியே வந்தேன். படியின் நடுவில் உட்கார்ந்தேன். கீழே கோப்பிக்கடையில் யாரோ "கோப்பி ஓ, சீனி கொறைச்சு!" என்று கத்தினார்கள். குழுவைத் திறந்து குரல்பதிவுப் பொத்தானை அமுக்கினேன். 'வணக்கம்' என்று மட்டும் சொன்னேன். அழித்தேன். மறுபடி அமுக்கினேன். கோயிலில் அப்பா யாரிடமெல்லாம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அழித்தேன். ஐந்து தரம் அழித்தேன். இனி பாஸிடமிருந்து வேலை வராது. இந்தக் குழுவில் யாரிடமிருந்தும் வராது. வருடக் கடைசி வரைக்கும்கூடத் தாங்காது, கமுந்திங்குக்குப் போகவேண்டியதுதான். ஆறாவது தரம் கண்ணை மூடிக்கொண்டு பேசினேன்.

"வணக்கம். பாஸ் குடுத்த கல்யாணத்துக்கு நான் ஒம்பது மணி நேரம்னு போட்டது பொய். இருபத்தேழு மணி நேரம் ஆச்சு. நான் மெதுவான ஆளுன்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு கொறைச்சுப் போட்டேன். பாஸ் நேர்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். அக்கா இருபத்திரெண்டுன்னு சொன்னா அது இருபத்திரெண்டுதான். அவங்க என்னைவிட வேகம்."

விரலை எடுத்தேன். போய்விட்டது. பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். மேலே, அறைக்குள்ளிருந்து, என் குரலே எனக்குக் கேட்டது. அக்காவின் கைப்பேசியில். கேட்கச் சகிக்காத, உடைந்த குரல். முழுதாக ஒருமுறை ஓடி நின்றது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாஸ் தன் கைப்பேசியில் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். அக்காவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, வேலையும் தரவில்லை. திரும்ப வாங்கிப்போன இரண்டு குடும்பங்களில் ஒன்று மறுபடி வந்தது. ஒப்பனை செய்கிற ஒரு பெண்மணி தனக்குத் தெரிந்த கல்யாணங்களை அக்காவிடம் அனுப்பத் தொடங்கினார். அவர் அறையைக் காலி செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து யாரையோ கல்யாணம் செய்துகொண்டு ஜோகூருக்குப் போகும் வரைக்கும் அங்கேதான் இருந்தார், அதே நாற்பத்தைந்தில். அப்பா கோயிலுக்குப் போவதைச் சில வாரம் நிறுத்தியிருந்தார்.

அன்றைக்குப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பையும் சாவியும் மேலே இருந்தன. அவற்றை எடுக்காமல் போகமுடியாது என்பதால்தான் மேலே போனேன். அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது. நான் என் மேசைப் பக்கம் நகர்ந்தபோது, திரும்பாமலே சொன்னார்.

"இருபத்தேழு இல்ல."

"என்னக்கா?"

"இருபத்தெட்டரை. புதன்கெழமை மழை விட்டதும் திரும்பி வந்து உக்காந்தியே, சேலைக் கலரைச் சரி பண்ணிக்கிட்டு. அதை விட்டுட்டே."

"உங்களுக்கு எப்படி..."

"பழைய பலகைத் தரை லா இது. நீ உக்காந்து தட்டினா என் மேசை ஆடும். எட்டு நாளு ஆடுச்சு."

அப்படியானால் பாஸ் வந்து நின்ற அந்தப் பகலில், என்னைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில், இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏன்கா அவருகிட்ட சொல்லல? ரூமையே காலி பண்ற அளவுக்குப் போனீங்களே. சொல்லியிருக்கலாமே."

அக்கா அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். நான் ஏதோ விளங்காத பாஷையில் பேசியதுபோல என்னைப் பார்த்தார்.

"உன் மணி நேரத்தை நான் எப்படித் தம்பி சொல்றது?"